“டீச்சர், இது சரியா?”

கேள்வி: நான்காம் வகுப்புக்குக் கணக்கும் மொழிப்பாடமும் எடுக்கிறேன். வகுப்பில் 34 பேர். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சியில் “நான் செய்கிறேன், நாம் செய்கிறோம், நீ செய்” என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றுமுதல் அதைத்தான் பின்பற்றுகிறேன். கரும்பலகையில் இரண்டு கணக்குகளை நான் போட்டுக் காட்டுவேன். அடுத்த இரண்டை வகுப்பே சேர்ந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். எல்லோரும் உரக்க, சரியாகவே சொல்வார்கள். பிறகு தனியாகச் செய்யச் சொன்னால் எல்லாம் கலைந்துவிடுகிறது. பாதிப் பேர் ஒரு வரி எழுதியதும் நோட்டை எடுத்துக்கொண்டு “டீச்சர், இது சரியா?” என்று என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். நான்கு பேர் எதுவும் எழுதாமலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் முன்பே முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். “நீங்கள் ரொம்பவும் தாங்குகிறீர்கள், கொஞ்சம் விடுங்கள், தானாக வரும்” என்கிறார் தலைமையாசிரியர். விட்டால் தவறாகவே எழுதிப் பழகிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். பொறுப்பை எப்போது, எவ்வளவு பிள்ளைகளிடம் விடுவது? அதற்கிடையில் பாடத்தையும் முடிக்க வேண்டுமே?

— ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, எதுவும் எழுதாத அந்த நான்கு பேரைப் பற்றிய வரி அல்ல. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரு வரி எழுதியதும் எழுந்து வருகிற பாதி வகுப்புதான் உங்கள் கேள்விக்கான விடையைக் கையில் வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எழுதத் தெரியாமல் வரவில்லை. எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். தாங்கள் எழுதியது சரியா தவறா என்று சொல்லும் உரிமை உங்கள் மேசையில் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள், ஆறு மாதமாக அது அங்கேதான் இருந்துவந்திருக்கிறது. நீங்கள் கணக்குப் போடும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டீர்கள். அதைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் கொடுக்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் பொறுப்பை மாற்றிக்கொடுக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் கடைசிவரை கைவிடாமல் வைத்திருப்பது இதைத்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்தால், பயிற்சியில் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எது என்பது புரியும். 1976ஆம் ஆண்டு டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் ஆகிய மூவரும் 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, 21 மரத்துண்டுகளைப் பொருத்தி ஒரு பிரமிடு கட்டச் செய்தார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து உதவினார். கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தின் பெயரை ஆசிரியர் தரும் உதவிக்கு வைத்து வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆய்வு இதுதான். அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 3 வயதுக் குழந்தைகளிடம் உதவுபவரின் நேரம் பெரும்பாலும் அவர்களை வேலைக்குள் இழுத்து உட்காரவைப்பதிலேயே போயிற்று. 4 வயதுக் குழந்தைகளிடம் வாயால் சொல்லித் திருத்துவது மிகுந்தது. 5 வயதுக் குழந்தைகளுக்கோ உதவுபவர் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் தேவைப்பட்டார்: சிக்கிக்கொண்டபோதும், கட்டியது சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டியபோதும். செய்யத் தெரிந்த பிறகும் ஒப்புதலுக்காகப் பெரியவரின் முகத்தைப் பார்ப்பது நீடிக்கிறது என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாணவர்கள் பாதிப் பேர் நிற்குமிடம் அதுதான். மோசமான இடமில்லை, ஆனால் அங்கேயே விட்டுவிடக் கூடாத இடம்.

பொறுப்பைப் படிப்படியாக விடுவது என்ற பெயரோடு இந்த எண்ணம் வகுப்பறைக்கு வந்தது 1983இல். டேவிட் பியர்சனும் மார்கரெட் கல்லாகரும் வாசித்துப் புரிந்துகொள்ளக் கற்பிப்பதைப் பற்றி எழுதியபோது ஒரு வரைபடம் போட்டார்கள். ஒரு முனையில் முழுப் பொறுப்பும் ஆசிரியரிடம், மறு முனையில் முழுப் பொறுப்பும் மாணவரிடம். நடுவே ஒரு சாய்கோடு, அதன் வழியே பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இடம்மாறுகிறது. அது சாய்கோடு என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குப் பயிற்சியில் கிடைத்தது மூன்று படிக்கட்டு. அதையும் ஒரே பாடவேளைக்குள் ஏறி இறங்கிவிட வேண்டிய படிக்கட்டு. ஆன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் கூட்டி நன்றாக வாசித்தும் பொருள் பிடிபடாமல் தவித்த ஏழாம் வகுப்பு மாணவர்களிடம், பத்தியைச் சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கையும் ஒப்படைத்தார்கள். மாணவர்கள் முறை வைத்து ஆசிரியர் இடத்தில் அமர்ந்து உரையாடலை நடத்தினார்கள். முதல் நாட்களில் ஒரு கேள்விகூட அவர்களுக்கு உருவாக்க வரவில்லை. ஆசிரியரே கேள்வியைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டியிருந்தது. அது ஏறக்குறைய 20 நாள் நடந்த வேலை. அதே இடமாற்றத்தை ஒரு மணி அடித்து அடுத்த மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், பிள்ளைகள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுவார்கள்.

இனி உங்கள் வகுப்புக்குள் வருகிறேன். எல்லோரும் உரக்கச் சொன்னார்கள், சரியாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கோரஸை நம்பாதீர்கள். 34 குரலில் பத்துக் குரல் உண்மையில் யோசித்துச் சொல்லும், மீதி அரை நொடி பின்னால் சேர்ந்துகொள்ளும். காதுக்கு எல்லாம் ஒரே சத்தம். இதைவிடப் பெரிய சிக்கல், கோரஸில் பிள்ளைகள் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்பது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலக அலமாரியில் 6 தட்டுகள், தட்டுக்கு 24 நூல்கள், 37 நூல்களை வாசகர்கள் எடுத்துச் சென்றுவிட்டார்கள், அலமாரியில் மீதி எத்தனை? நீங்கள் “முதலில் மொத்தம் எத்தனை நூல் என்று பார்ப்போமா? அதற்கு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பீர்கள். “பெருக்க வேண்டும்!” என்று வகுப்பு அதிரும். “24ஐ ஆறால் பெருக்கினால்?” “144!” “எடுத்துச் சென்றது 37, அப்படியானால்?” “கழிக்க வேண்டும்!” “மீதி?” “107!” கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் யோசனை தேவைப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: மீதியைக் கண்டுபிடிக்க முதலில் மொத்தம் தெரிய வேண்டும், அதைக் கேள்வி கேட்கவில்லை, நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடம். அந்த முடிவை உங்கள் முதல் கேள்வியிலேயே நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். பிள்ளைகள் செய்தது பெருக்கலும் கழித்தலும் மட்டும், அவை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தனியாக உட்கார்ந்ததும் அந்த முதல் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அதனால் முதல் வரியை எப்படியோ எழுதிவிட்டு, அந்த ஆளைத் தேடி மேசைக்கு வருகிறார்கள்.

ஆகவே “நாம் செய்கிறோம்” என்ற நடுக்கட்டத்தைத்தான் நீங்கள் நீட்டவும் பிரிக்கவும் வேண்டும். அதற்கு நான் கண்டவற்றுள் சிரமமில்லாத வழி, கணக்கைப் பின்னாலிருந்து விடுவது. முதல் கணக்கை முழுவதும் நீங்கள் போடுங்கள். இரண்டாவதில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் நோட்டில், வாய் திறக்காமல், அந்த ஒரு படியை எழுதட்டும். மூன்றாவதில் கடைசி இரண்டு படிகளை விடுங்கள். இப்படிப் போய் நான்காவதிலோ ஐந்தாவதிலோதான் “முதலில் எதைக் கண்டுபிடிப்பது” என்ற அந்த முதல் முடிவு பிள்ளையிடம் வந்து சேரும். அதற்குள் முழுமையாகப் போடப்பட்ட கணக்குகளை அது பலமுறை பார்த்திருக்கும். புதிதாகக் கற்பவர்கள் தாங்களே மல்லுக்கட்டுவதைவிட, போட்டுக்காட்டிய கணக்குகளைக் கூர்ந்து பார்ப்பதால் விரைவாகக் கற்கிறார்கள் என்பதை ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதப் பாடத்தில் காட்டினார்கள். படிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும் முறை அதற்குப் பின் வந்த ஆய்வாளர்களால் சோதித்துப் பார்க்கப்பட்டது. கணக்கு முழுதாகப் போடப்பட்டிருப்பதால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற கவலை, முதல் சில நாட்களுக்குத் தேவையில்லாத கவலை.

ஆனால் அதே வரிசை ஆய்வுகளில் இன்னொன்றும் வெளிவந்தது, அது உங்கள் ஏழெட்டுப் பேருக்கானது. ஏற்கெனவே தெரிந்தவருக்குப் போட்டுக்காட்டிய கணக்கு உதவி செய்வதில்லை. சில நேரம் இடைஞ்சலாகவே ஆகிறது. தெரிந்த வழியை விட்டுவிட்டு, பலகையில் இருப்பதோடு தன் எண்ணத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டிய கூடுதல் வேலை அவர்களுக்கு வந்துவிடுகிறது. முதல் கணக்குக்குப் பிறகு தானே செய்ய முடியும் என்பவர்களைச் செய்யவிடுங்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே படியில் நிற்க வேண்டும் என்பது வகுப்பு ஒழுங்குக்கு வசதி, கற்றலுக்கு அல்ல. முடித்தவர்களை உடனே பக்கத்துப் பிள்ளைக்கு ‘டீச்சர்’ ஆக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது பெரும்பாலும் விடையைச் சொல்லிக்கொடுப்பதில் முடிகிறது, அதனால் எனக்கு அதில் அத்தனை மோகமில்லை. அதற்குப் பதிலாக அதே வகையில் ஒரு கணக்கை உருவாக்கச் சொல்லுங்கள், அதில் தேவையில்லாத ஓர் எண் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அலமாரிக்கு 3 சாவிகள் இருக்கின்றன என்று ஒரு பிள்ளை நுழைத்துவிட்டால் அதைப் போடுபவர் திணறுவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தக் கணக்குகளை மறுநாள் வகுப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், உங்களுக்கும் வேலை மிச்சம்.

“நான் செய்கிறேன்” கட்டத்தில் ஒரு சிறு மாற்றம் வேண்டும். நாம் பலகையில் போடும்போது தெரிந்த கணக்கைத் தெரிந்தவராகப் போடுகிறோம். சந்தேகமில்லை, தயக்கமில்லை, கடைசியில் விடைக்குக் கீழே இரண்டு கோடு. பிள்ளைகள் அதைப் பார்த்து, தெரிந்தவர்களுக்குச் சந்தேகமே வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். தங்களுக்குச் சந்தேகம் வந்ததும் தெரிந்தவரிடம் போக வேண்டும் என்றும். ஆகவே சரிபார்ப்பதையும் உரக்கச் செய்யுங்கள். “144இல் 37ஐக் கழித்தால் 117 என்று எழுதிவிட்டேன். பொறுங்கள். 144இல் 40 போனால் 104. நான் எடுத்தது 40ஐவிட மூன்று குறைவு, அப்படியானால் 107 பக்கமாக அல்லவா வர வேண்டும்? 117 அதிகமாக இருக்கிறதே. எங்கே தவறினேன்? நான்கில் ஏழு போகாது என்று பத்தைக் கடன் வாங்கினேன், வாங்கிய இடத்தில் குறைக்க மறந்துவிட்டேன்.” இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகும். தவறை வேண்டுமென்றே செய்து “ஆசிரியரின் பிழையைக் கண்டுபிடி” என்று விளையாட்டாக்குவது வேறு, அதுவும் நல்லதுதான். இங்கே நீங்கள் காட்டுவது, தன் விடையைத் தானே சந்தேகிப்பதற்கும் அந்தச் சந்தேகத்தைத் தானே தீர்த்துக்கொள்வதற்கும் வழி இருக்கிறது என்பதை. இதைப் பார்த்திராத பிள்ளையிடம் “நீயே சரிபார்” என்று சொல்வதில் பொருளில்லை. அது எழுதியதையே இன்னொரு முறை வாசித்துவிட்டு “பார்த்துட்டேன் டீச்சர்” என்று வந்து நிற்கும்.

இப்போது மேசைக்கு வரும் வரிசை. அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள், “நீயே யோசி” என்றும் சொல்லாதீர்கள். அது பிள்ளையின் காதில் “தொந்தரவு செய்யாதே” என்றுதான் விழுகிறது. நோட்டின் ஓரத்தில் ஒரு குறி வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், நிச்சயமாகத் தெரிந்தால் ஒரு சிறு புள்ளி, சந்தேகம் இருந்தால் ஒரு கேள்விக்குறி. கணக்கை முடித்த பிறகே வரலாம். வரும்போது கேள்விக்குறி எங்கே என்று காட்ட வேண்டும். நீங்கள் அந்த வரியைப் பற்றி மட்டும் பேசுவீர்கள். முதல் வாரம் எல்லா வரியிலும் கேள்விக்குறி இருக்கும், சில புத்திசாலிகள் ஒன்றுமே வைக்காமல் வருவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தில் கேள்விக்குறிகள் சரியான இடங்களில் விழத் தொடங்கும், அதாவது தவறு இருக்கும் வரியிலோ அதற்கு அடுத்த வரியிலோ. தனக்கு எங்கே தெரியவில்லை என்று தெரிவது ஒன்பது வயதில் சிறிய விஷயமில்லை. புள்ளி வைத்த வரி தவறாக இருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள செய்தி: பிள்ளை ஒன்றைத் தவறாகவே உறுதியாக நம்புகிறது. தவறாகவே எழுதிப் பழகிவிடுவார்களோ என்று பயந்தீர்களே, அந்தப் பயத்துக்குரிய இடம் அது ஒன்றுதான். அங்கே தயங்காமல் தலையிடுங்கள்.

இன்னொன்று, நம் முகத்தைப் பற்றியது. நான் வகுப்பெடுத்த முதல் ஆண்டுகளில் பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், தவறு தெரிந்ததும் “எப்படி வந்தது இது?” என்பேன், கேட்ட மறுகணம் ரப்பர் எடுத்து அழிக்கத் தொடங்குவார்கள். ஏதோ யோசிக்கத் தூண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பைப் பார்க்க வந்த ஒரு மூத்த ஆசிரியை, நான் அந்தக் கேள்வியைத் தவறான விடைக்கு மட்டுமே கேட்கிறேன் என்று சொன்னார். கேள்வியின் சொற்களைப் பிள்ளைகள் கேட்கவேயில்லை. கேள்வி வந்தது என்றால் தவறு என்று படித்துவிட்டார்கள். ஆகவே “எப்படி வந்தது?” என்பதைச் சரியான விடைக்கும் அதே குரலில், அதே முகத்தோடு கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள். மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, கேட்காமலே பேசுபவர்கள் பெருகினார்கள், மாணவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் கூடின. மூன்று நொடி என்பது எழுத்தில் ஒன்றுமில்லை. 34 பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது மிக நீளம்.

எதுவும் எழுதாத அந்த நான்கு பேருக்கு வருகிறேன். அவர்கள் நால்வரும் ஒரே காரணத்துக்காகத்தான் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவருக்குக் கேள்வியை வாசிக்கவே சிரமம் இருக்கலாம், அப்படியானால் அது கணக்குச் சிக்கலே அல்ல. ஒருவருக்கு வாய்ப்பாடு நினைவில் நில்லாதிருக்கலாம். ஒருவர் தவறிவிடும் என்ற பயத்தில் தொடாமலே இருக்கலாம். முதல் வேலை இதைத் தெரிந்துகொள்வது. கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டினால் போட்டுவிடுகிறாரா, பெருக்கல் அட்டவணையைக் கையில் கொடுத்தால் போட்டுவிடுகிறாரா என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு உதவியின் அளவைப் பற்றி டேவிட் வுட் தன் ஆய்வுகளிலிருந்து எடுத்துச் சொன்ன ஒரு விதி இருக்கிறது, மிக எளிது: பிள்ளை தவறினால் அடுத்த முறை உதவியை ஒரு படி கூட்டு, வென்றால் உடனே ஒரு படி குறை. குறைந்தபட்ச உதவி, “தொடங்கு பார்க்கலாம்” என்ற பொதுவான தூண்டுதல். அதற்கு மேல், “கேள்வி எதைக் கேட்கிறது என்று அடிக்கோடிடு” என்ற குறிப்பான சொல். அதற்கு மேல், தேவையான எண்களைச் சுட்டிக் காட்டுவது. அதற்கு மேல், முதல் படியை எழுதிக் கொடுத்துவிடுவது. கடைசியில், முழுவதையும் செய்து காட்டுவது. விதி எளிது, பின்பற்றுவதுதான் கடினம், ஏனென்றால் நாம் பாவம் பார்த்து ஒரேயடியாக நான்கு படி கூட்டிவிடுகிறோம், பிள்ளை ஒன்றைச் சரியாகச் செய்த பிறகும் குறைக்க மறந்துவிடுகிறோம். ‘மெல்லக் கற்பவர்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் பலர், உதவி குறைக்கப்படாமலே போனவர்கள் என்பது என் அனுபவம். மற்றவர்கள் எழுதும் நேரத்தில் இந்த நால்வரும் உங்கள் மேசையைச் சுற்றி இருக்கட்டும். மேசைக்கு வரும் வரிசை குறையும்போது அந்த நேரம் உங்களுக்குத் தானாகவே கிடைக்கும்.

மொழிப்பாடத்திலும் இதே கதைதான், ஆனால் சரிபார்ப்பு வேறு மாதிரி. பத்தி எழுதும்போது “107 பக்கமாக வர வேண்டும்” என்பதுபோல ஒரு மதிப்பீடு கிடையாது. அங்கே சரிபார்ப்பவர் ஒரு கேட்பவர். எழுதியதைப் பக்கத்துப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும், எழுதியவர் கேட்கட்டும். வாசிப்பவர் தடுக்கிய இடத்தில் எழுதியவர் ஒரு கோடு போடட்டும். எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை எல்லாவற்றையும் அதே நாளில் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு வாக்கியம் முடிந்ததா என்பதை மட்டும் ஒப்படையுங்கள், மீதிச் சிவப்பு மை உங்களிடமே இருக்கட்டும். இருவர் இருவராகச் செய்யும் இந்தக் கட்டத்தை டக்ளஸ் ஃபிஷரும் நான்சி ஃபிரேயும் அந்த மூன்று படிகளுக்கு நடுவே தனிப்படியாகவே சேர்த்திருக்கிறார்கள். கணக்கிலும் அதைப் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: இருவரும் முதலில் தனித்தனியாக எழுதிவிட்டு, பிறகு நோட்டுகளை ஒப்பிட வேண்டும். விடை வேறுபட்டால் உங்களிடம் வராமல் எந்த வரியில் பிரிந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நோட்டில் இருவர் என்றால் ஒருவர் எழுதுவார், மற்றவர் பென்சில் சீவுவார்.

உங்கள் தலைமையாசிரியர் சொன்னது பாதி உண்மை. நீங்கள் தாங்குவது அதிகம்தான். விட்டால் தானாக வரும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கற்பிப்பதற்கு முன்பே மாணவரைச் சிக்கலோடு போராடவிட்டால் நல்லது என்று மனு கபூர் காட்டிய ஆய்வுகளைச் சிலர் இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். அந்த ஆய்வுகளில் போராட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் முறையாகக் கற்பித்தார் என்பதையும், அவை பெரும்பாலும் மேல்வகுப்பு மாணவர்களிடம் நடந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் முயன்று பார்க்கவிடுவதில் தவறில்லை. ஒரு பருவம் முழுவதும் விட்டுவைப்பது வேறு. நோட்டு விநியோகிப்பது, வகுப்புத் தலைவர், கரும்பலகை துடைப்பது போன்ற பொறுப்புகளைக் கொடுத்தால் கற்றலிலும் பொறுப்பு வந்துவிடும் என்றும் சொல்வார்கள். அவை தம்மளவில் நல்லவை, கணக்கைச் சரிபார்க்கக் கற்றுத்தராதவை.

பாடத்தை முடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று வாரம் பின்தங்குவீர்கள், அதை மறைக்க விரும்பவில்லை. பத்துக் கணக்கு கொடுக்கும் இடத்தில் ஐந்து கொடுங்கள், அந்த ஐந்திலும் ஓரக்குறி இருக்கட்டும். புதிய பாடம் தொடங்கும்போது பொறுப்பு மீண்டும் உங்களிடமே திரும்பி வரும், அதைப் பின்வாங்கலாக நினைக்க வேண்டாம். கழித்தலில் யாரையும் கேட்காத பிள்ளை பின்னத்தில் பழையபடி மேசைக்கு வரும், வரத்தான் வேண்டும். மாறுவது என்னவென்றால், இரண்டாவது, மூன்றாவது பாடங்களில் அந்தப் பயணம் விரைவாக நடக்கும், ஏனென்றால் சரிபார்க்கும் பழக்கம் பாடத்தோடு முடிந்துபோவதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், மேசைக்கு வருபவர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவர்கள் வந்து கேட்கும் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். “இது சரியா?” என்பவை எத்தனை, “எனக்கு 117 வந்தது, ஆனால் 107 பக்கமாகத்தானே வர வேண்டும், எங்கே தப்பு என்று தெரியவில்லை” என்பதுபோன்றவை எத்தனை என்று பாருங்கள். இரண்டாவது வகையில் நான்கைந்து கிடைத்தாலே அடுத்த பாடத்தில் முதல் படியை இன்னும் ஒரு நாள் முன்னதாக விட்டுப்பார்க்கலாம். ஒன்றுமே இல்லையென்றால், நீங்கள் பலகையில் போடும்போது சரிபார்ப்பதை உரக்கச் செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவசரத்தில் அதுதான் விடுபட்டிருக்கும்.